கேளுங்க மாஸ்டர்: கிரகரி தொரயும் பசிப்புல்லும்

போன இதழ்ல அயர்லாந்து கிராமத்து சனங்ககிட்டயும் நம்ம தோட்டத்துல இருக்குற மாதிரியே முனிக்கதை, பஞ்சக்கதை எல்லாம் கெடக்குன்னு போற போக்குல ரெண்டே வரி எழுதுனேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப் வாய்ஸும் ஒரு கொழுந்து சாக்குக்கு வரும். அதனால இந்த தடவ சோசியம், சம்பளம், காணி கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: மாஸ்டர், எம் மக அயர்லாந்துல கோல்வே பக்கம் வயசானவங்க இல்லத்துல வேலை செய்றா. நுவரெலியா வாவில போட்ல போன படத்த அங்க ஒரு பாட்டியம்மாவுக்கு காட்டியிருக்கா. கிரகரி வாவின்னு பேர சொன்னதும் அந்தம்மா மொகம் சுண்டிப்போச்சாம், "எந்த கிரகரி, கூல் ஊரு கிரகரியா"ன்னு கேட்டாங்களாம். அது யாரு, இது யாரு?
— வாசகி, நானுஓயா

பதில்: ரெண்டும் ஒரே ஆள்தான் தங்கச்சி. சர் வில்லியம் கிரகரி, 1872ல இருந்து 1877 வரைக்கும் நம்ம நாட்டுக்கு கவர்னர். நுவரெலியா டவுனுக்கு கீழ சதுப்பா கெடந்த எடத்த மறிச்சு 1873ல வாவி கட்டுனது இவரு காலத்துல, கொழும்பு மியூசியம் தெறந்ததும் இவரு காலத்துலதான், அந்த வாசல்ல இன்னைக்கும் செலையா நிக்கிறாரு. நாம வருசா வருசம் ஏப்ரல் சீசனுக்கு போயி வாவிய சுத்தி நடந்து சோளம் வாங்கி தின்னுட்டு வர்றோம், பேரு யாரோடதுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

அந்தம்மா மொகம் ஏன் சுண்டுச்சுன்னா, அங்க அவரு பேரு வேற விசயத்துக்கு நெலச்சுப்போச்சு. 1845ல இருந்து 1852 வரைக்கும் அயர்லாந்துல பெரும்பஞ்சம். சனங்களுக்கு சோறுன்னா உருளைக்கெழங்குதான், அதுல ஒரு நோய் விழுந்துச்சு, எல கறுத்து ஒரு வாரத்துக்குள்ள காடே அழுகி நாறும், நுவரெலியா கந்தப்பொல பக்கம் கெழங்கு போடுறவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல, அதே நோய்தான் இன்னைக்கும் மழ காலத்துல அவங்க தூக்கத்த கெடுக்குது. பத்து லட்சம் பேருகிட்ட செத்தாங்க, அதே அளவுக்கு மேல கப்பலேறி போனாங்க. அந்த நேரம் பாராளுமன்றத்துல எம்பியா இருந்த கிரகரி 1847ல நிவாரண சட்டத்துல ஒரு பிரிவ சேத்து விட்டாரு: கால் ஏக்கருக்கு மேல காணி வச்சிருக்கவனுக்கு நிவாரணம் கெடையாது, வேணும்னா காணிய விட்டுட்டு வா. கால் ஏக்கர்னா நம்ம கணக்குல 40 பேர்ச். நமக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி குடுக்குறதுக்கே எத்தன மேடை பேச்சு கேட்டோம்னு யோசிச்சுட்டு இத படிங்க. 40 பேர்ச்சுக்கு மேல ஒரு துண்டு கெழங்கு காடு வச்சிருந்த குடும்பம், புள்ள பசியில கத்துறப்போ காணிய பாக்குமா கஞ்சிய பாக்குமா? காணிய விட்டாங்க, விட்ட கையோட காணிக்காரன் வீட்டு கூரைய பிரிச்சு விட்டான், பொறவு திரும்பி வர எடமில்ல. அதுக்கு அங்க பேரே கிரகரி பிரிவு. பள்ளிக்கூட புஸ்தகத்துல புள்ளைங்க படிக்குது.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச எடம். கவர்னர் வேலை முடிஞ்சு போயி 1880ல அவரு ரெண்டாந்தாரமா அகஸ்டான்னு ஒரு பொண்ண கட்டுனாரு, அவருக்கு அறுபது தாண்டிருச்சு, அந்தம்மாவுக்கு முப்பதுகூட ஆகல. 1892ல அவரு செத்தப்புறம் இந்தம்மா ஐரிஷ் பாஷைய படிச்சுக்கிட்டு, கூல், கில்டார்ட்டன் சுத்துப்பட்டுல வீடு வீடா போயி, கோர்ட்ங்கற சின்ன டவுன்ல (வழக்காடுற கோர்ட் இல்ல, ஊரு பேரே அதுதான்) ஏழைங்கள வேலை வாங்கிட்டு கஞ்சி ஊத்துற மடத்துக்குள்ள போயி, அங்க கெடந்த கெழவன் கெழவிககிட்ட குந்தி கத கேட்டு எழுதுனாங்க. லேடி கிரகரின்னா அயர்லாந்துல இன்னைக்கும் பெரிய பேரு, டப்ளின்ல ஏபி தியேட்டர்னு 1904ல நாடக கொட்டகை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். புருசன் போட்ட சட்டத்தால அந்த மாதிரி மடத்து வாசல்ல எத்தன குடும்பம் போயி நின்னுச்சு, பொண்டாட்டி அதே மாதிரி மடத்துல போயி கத கேக்குறாங்க. அவங்க சேத்த கதைங்கள்ல நெறைய பிட்டி எர்லின்னு ஒரு மருத்துவச்சி பத்தி, கிளேர் மலைப்பக்கம் இருந்தவ, 1874ல செத்தா, ஒரு நீல போத்தல வச்சுக்கிட்டு அதுக்குள்ள பாத்து வந்தவனுக்கு என்ன சீக்குன்னு சொல்லுவாளாம். நம்ம ஊர்ல வெத்தலையில மை போட்டு பாப்பாங்களே, அதேதான்.

ஒங்க மகட்ட சொல்லுங்க, அந்த பாட்டியம்மாவ இன்னும் கொஞ்சம் கத சொல்ல சொல்லி ஃபோன்ல பிடிச்சு வைக்கட்டும்.

கேள்வி: தேத்தண்ணி லிப்டன் இங்கிலீஸ்காரன் தானே? எனக்கும் மச்சானுக்கும் பந்தயம்.
— வாசகர், ஹப்புத்தளை

பதில்: ரெண்டு பேரும் தோத்தீங்க. தாமஸ் லிப்டன் பொறந்தது ஸ்கொட்லாந்து கிளாஸ்கோவுல, அப்பா அம்மா அயர்லாந்து ஃபெர்மானா பக்கத்து சின்ன வெவசாயிங்க, மேல சொன்ன அதே பஞ்சத்துல ஊர விட்டு போனவங்க. அந்த வீட்டு புள்ள பலசரக்கு கடை போட்டு, 1890ல இங்க வந்து தம்பேதன்ன தோட்டத்த வாங்குனாரு. பின்னால ஷாம்ராக்னு அயர்லாந்து எலையோட பேர கப்பலுக்கு வச்சு 1899ல இருந்து 1930 வரைக்கும் அஞ்சு தடவ அமெரிக்காகாரன்கிட்ட பாய்க்கப்பல் பந்தயம் கட்டி அஞ்சு தடவையும் தோத்தாரு, ஒங்க ரெண்டு பேரு மாதிரியே.

கேள்வி: எங்க மடுல்சீமையிலதான் 1869ல கோப்பி நோய மொதல்ல கண்டாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அயர்லாந்து கெழங்குக்கு வந்ததும் இதும் ஒரே நோயா மாஸ்டர்?
— வாசகர், மடுல்சீமை

பதில்: ஒரே நோய் இல்ல தம்பி, ஆனா ரெண்டயும் பாத்து சொன்ன ஆள் ஒருத்தர்தான். பெர்க்லின்னு இங்கிலாந்துல ஒரு பாதிரியாரு, கோயில் வேலைய பாத்துக்கிட்டே பூஞ்சண ஆராய்ச்சியும் செஞ்சவரு. அயர்லாந்து கெழங்கு அழுகுனப்போ பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மழையினாலங்குறாங்க, கடவுள் தண்டனைங்குறாங்க, இவரு 1846லயே இல்லய்யா இது பூஞ்சண வேலைன்னு எழுதுனாரு, பாதிப்பேரு நம்பல. இருவத்து மூணு வருசம் கழிச்சு பேராதனை பூந்தோட்டத்து தொர த்வெயிட்ஸ், மஞ்சளா பொடி பூத்த கோப்பி எலய கப்பல்ல அனுப்பி வச்சாரு, அத பாத்து பேரு வச்சதும் இதே பாதிரியாருதான். அவரு வச்ச பேருலயே நாசம் பண்றதுங்குற அர்த்தம் வருது, பேரு பொய்யாகல, இருவது வருசத்துக்குள்ள கோப்பிக்காடு முடிஞ்சுது. நல்ல வேளையா (யாருக்கு நல்ல வேளைன்னு கேக்காதீங்க) 1867லயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில 19 ஏக்கர்ல தேயில போட்டு வச்சிருந்தாரு.

அங்க கெழங்கு அழுகி சனம் கப்பலேறுச்சு, இங்க கோப்பி எல கொட்டி நம்ம சனத்துல நெறைய பேரு திரும்பி போனாங்க, மீதி தேயிலைக்கு மாறுச்சு. எங்க தோட்டத்துல பெருசுங்க தேயில மலைய காட்டியே "கோப்பிக்காட்டுக்கு போறேன்"னு சொல்றத நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன், அந்த மலையில ஒரு கோப்பி செடி கூட கெடையாது.

கேள்வி: முனி, மாடன், காட்டேரி எல்லாம் நம்ம பயம் மட்டும்தானா, வெள்ளக்காரனுக்கும் உண்டா? எம் பேரன் எல்லாம் மூடநம்பிக்கைன்னு என்னய கேலி பண்றான்.
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: அய்யா, பேரன இங்க வந்து ஒக்கார சொல்லுங்க.

அயர்லாந்து வயல்வெளியில வட்டமா மண்ணு வரப்பு கட்டுன எடங்க ஆயிரக்கணக்குல இருக்கு. தொல்பொருள்காரங்க கேட்டா, ஆயிரம் ஆயிரத்தைநூறு வருசத்துக்கு முந்தி குடியானவங்க வீட்ட சுத்தி கட்டுனதுன்னு சொல்லுவாங்க. ஊர்க்காரங்க கேட்டா, அது 'நல்ல சனங்க'ளோட வீடு. தேவதைங்கள அவங்க பேரு சொல்லி கூப்புட மாட்டாங்க, நல்ல சனங்கம்பாங்க, நாம அம்மைய அம்மைன்னு சொல்லாம ஆத்தா வந்திருக்கான்னு சொல்றோமே அந்த பயம். வரப்புல ஒரு கூடை மண்ணெடுத்தா மாடு சாவும், அங்க நிக்கிற முள்ளு மரத்த வெட்டுனா வெட்டுனவன் கை வாய் இழுத்துக்கும், இப்புடி ஊருக்கு பத்து கத. இந்த பயத்தாலயே எவனும் கை வைக்காம விட்டான், அதனாலதான் அத்தன ஆயிரம் வரப்பும் இன்னைக்கு ஆராய்ச்சிக்கு மிஞ்சிச்சு. சட்டம் போட்டு காப்பாத்த முடியாதத பயம் காப்பாத்திருச்சு, பேரன்ட்ட இத கேளுங்க.

1999ல கிளேர் கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) லட்டூன்ங்குற எடத்துல ஹைவே போட போனப்போ நடுவுல ஒத்த முள்ளு மரம். கத சொல்றதுலயும் கத சேக்குறதுலயும் பேரெடுத்த எடி லெனிஹன்னு ஒருத்தர், அது தேவதைங்க கூடுற மரம், வெட்டுனா ரோட்டுல உசுரு போகும்னு பேப்பர்ல எழுதி சண்ட போட்டாரு, கடைசில மரத்த விட்டு ரோட்ட வச்சாங்க. பொறவு 2002ல எவனோ ராத்திரில மெசின் வச்சு கெளையெல்லாம் அறுத்துட்டு போனான், மரம் திரும்ப துளுத்துருச்சு.

புள்ள பெத்த வீட்டுல நாம இரும்பு துண்டு வைக்கிறோம்ல, அங்க அடுப்பு இடுக்கிய தொட்டில் மேல குறுக்க போடுவாங்க, தேவதைங்க புள்ளைய மாத்திட்டு போகாம இருக்க. ஆனா ஒண்ணுல நாம அவங்கள ஜெயிச்சுட்டோம்னு எனக்கு ஒரு பெருமை. அவங்க சாமியெல்லாம் மெசின் சத்தத்துக்கு ஓடிப்போகும், நம்ம சனம் தேயில ஸ்டோருக்குள்ள சுத்துற சக்கரத்துக்கே ரோதை முனின்னு ஒரு சாமிய உக்கார வச்சுச்சு, கவ்வாத்து வெட்ட முன்னால கும்புட கவ்வாத்து சாமியும் வச்சுச்சு. கத்தி காலுல படாம, ரோதையில கை மாட்டாம வீட்டுக்கு திரும்பணும், அவ்வளவுதான் வேண்டுதல். தோட்டத்து சனம் கேட்டு எழுதுன பாதுகாப்பு சட்டம் அது.

கேள்வி: நம்ம காமன் எரிக்கிற மாதிரி அங்க ஏதும் நெருப்பு திருவிழா?
— வாசகி, ராகலை

பதில்: உண்டு. ஜூன் 23 ராத்திரி, அருளப்பர் திருநாளுக்கு மொத நாளு. ஊரு கூடி நெருப்பு போட்டு ஆடுவாங்க, மறுநாள் அந்த சாம்பல வயல்ல தூவுவாங்க. ரதி, மன்மதன், லாவணி எல்லாம் கெடையாது, அந்த வகையில நம்மது கூடுதல்.

கேள்வி: எங்க அம்மாயி எழவு வீட்ல ஒப்பாரி வச்சா நாலு லயமும் வந்து நிக்கும். இப்ப புள்ளைங்க "வெக்கமா இருக்கு, மைக்செட்ல தேவாரம் போடுங்க"ங்குதுங்க. அம்மாயிக்கு 84 வயசு. நான் என்ன செய்ய?
— வாசகி, தலவாக்கலை

பதில்: மொதல்ல அம்மாயி குரல பதிவு பண்ணுங்க, இந்த ஞாயித்துக்கெழமையே. மத்தத பொறவு படிக்கலாம்.

அயர்லாந்துல ஒப்பாரிய கீனிங்னு சொல்லுவாங்க. பொம்பளைங்க பொணத்த சுத்தி குந்தி, முடிய விரிச்சு விட்டுக்கிட்டு, முன்னும் பின்னும் ஆடி, செத்தவன் குலம் கோத்திரம், அவன் ஓட்டுன குதிர, வச்ச விருந்து எல்லாத்தையும் சொல்லி, "எங்கள விட்டு ஏன்யா போன"ன்னு அவன்கிட்டயே கேப்பாங்க. கூலிக்கு வந்து பாடுறவங்களும் உண்டு. 1773ல ஆர்ட் ஓலியரின்னு ஒருத்தன சுட்டு கொன்னாங்க, கத்தோலிக்கன் அஞ்சு பவுனுக்கு மேல வெல பெறுற குதிர வச்சிருக்க கூடாதுன்னு அப்ப ஒரு சட்டம், இவன் குதிரய குடுக்க மாட்டேன்னான், அதுல வந்த பகை. அவன் பொண்டாட்டி ஐலீன் வச்ச ஒப்பாரி வாய் வாயா வந்து பின்னால எழுத்துல ஏறி, இன்னைக்கு அந்த பாஷையோட பெரிய கவிதைன்னு கொண்டாடுறாங்க. ஆனா கீனிங்க இது காட்டுமிராண்டித்தனம்னு பாதிரிமாரு திட்டி திட்டியே, புள்ளைங்களுக்கு வெக்கம் வந்து, போன நூத்தாண்டு தொடக்கத்துலயே மங்கிப்போச்சு. பதிவு பண்ணி வச்சது விரல் விட்டு எண்ணலாம். இப்ப யுனிவர்சிட்டியில உக்காந்து அந்த துண்டு துணுக்க போட்டு போட்டு கேக்குறாங்க.

தேவாரம் போடுங்க, வேணாம்னு சொல்லல, அது எந்த கடையிலயும் கெடைக்கும்.

கேள்வி: மாஸ்டர், நான் தோட்ட பாடசாலையில தரம் 8க்கு படிப்பிக்கிறேன். புள்ளைங்கள வச்சு தோட்டத்து பழைய கதைய சேக்கணும்னு ஆச, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அதிபர் சிலபஸ் முடிங்கன்னு சொல்றாரு.
— ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: டீச்சர், அயர்லாந்துக்காரன் இத அரசாங்க வேலையாவே செஞ்சு காட்டிட்டான். 1935ல நாட்டார் வழக்குக்குன்னு ஒரு ஆணைக்குழு வச்சாங்க, அவங்க 1937ல ஆரம்பிச்சு 1939 வரைக்கும் 26 கவுண்டியில கிட்டத்தட்ட 5,000 பள்ளிக்கூடத்து புள்ளைங்கள எறக்கி விட்டாங்க, ஏறக்கொறைய 50,000 புள்ளைங்க, வயசு 11ல இருந்து 14. செலபஸ் பிரச்சினைக்கும் அவங்க வழி கண்டுபிடிச்சாங்க: வாரா வாரம் எழுதுற கட்டுரைக்கு பதிலா இத எழுது. வாத்தியாருக்கு ஒரு சின்ன கைநூல், அதுல 55 தலைப்பு, புதையல் கத, நாட்டு வைத்தியம், மழை குறி, பஞ்ச காலம், வயலோட பேரு இப்புடி. புள்ள வீட்டுக்கு போயி தாத்தாகிட்ட கேட்டு கொப்பியில எழுதும், சொன்னவரு யாரு, வயசு என்ன, எந்த ஊருன்னு கீழ போடும், நல்லா இருக்கத பெரிய புத்தகத்துல அழகா பெயர்த்து எழுதும். 7 லட்சம் பக்கத்துக்கு மேல சேந்துச்சு. இன்னைக்கு இன்டர்நெட்ல எவனும் தன் அப்பாயி பன்னெண்டு வயசுல எழுதுன கையெழுத்த பாக்கலாம், மை கொட்டுன கறையோட.

நீங்க 55 தலைப்பு போட வேணாம், புள்ளைங்க மெரண்டுடும். ஒண்ணே ஒண்ணுல ஆரம்பிங்க: மலைப்பேரு. ஒரு தேயில மலை ஆபீஸ் கணக்குல அஞ்சாம் நம்பர், ஆனா வாய்ப்பேச்சுல அதுக்கு வேற பேரு இருக்கும், எங்க தோட்டத்துல அஞ்சாம் நம்பருக்கு 'மாடு விழுந்த மலை', கங்காணி மாடாம், விழுந்து எழுவது வருசமாச்சு, ஆனா பெரட்டுல (காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) இன்னைக்கும் அப்புடித்தான் பேரு கூப்புடுறாங்க. தோட்டத்துக்கே ரெண்டு பேரு இருக்கும், போர்டுல ஸ்கொட்லாந்து பேரு, நம்ம வாயில நம்ம பேரு. அயர்லாந்துலயும் இதே கூத்து, 1824ல நெலம் அளக்க வந்தவங்க ஐரிஷ் பேரெல்லாம் இங்கிலீஸ் காதுக்கு கேட்ட மாதிரி எழுதி வச்சுட்டு போனாங்க, மலைக்கு அவங்க சொல்ற 'க்நொக்' மேப்புல 'நொக்' ஆச்சு, ஊருங்கற 'பாலியெ' வெறும் 'பாலி' ஆச்சு.

மலைப்பேருக்கு அடுத்தது தானா வரும் டீச்சர், மாடு ஏன் விழுந்துச்சு, கங்காணி யாரு, அப்பன் எந்த தொர காலத்துல வந்தான், துண்டு (தோட்டம் மாற குடுக்குற சீட்டு) வாங்கிட்டு எந்த தோட்டத்துக்கு போனான். ஒரு விசயம் மட்டும், நம்ம சனத்த இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல பிரிஞ்சு போன வீட்டுல கேக்குறப்போ புள்ளைய தனியா அனுப்பாதீங்க. கேட்டதும் சில பேரு எழும்பி அடுப்படிக்கு போயிடுவாங்க.

கேள்வி: 'பசிப்புல்லு'ன்னு போன இதழ்ல எழுதிட்டு விளக்காம விட்டுட்டீங்களே?
— வாசகர், ரத்தோட்ட

பதில்: ஆமா, விட்டுட்டேன். பஞ்சத்துல வழியில விழுந்து செத்தவங்க கெடந்த எடத்துல ஒரு புல்லு மொளைக்குமாம், அத மிதிச்சா, நீ வயிறு முட்ட தின்னுட்டு வந்திருந்தாலும், காலு மடங்கி விழுற அளவுக்கு பசி புடிக்குமாம். மாத்து ஒண்ணுதான், மடியில ஒரு துண்டு ரொட்டி இருக்கணும், ஒரு வாய் போட்டா எழும்பிடலாம். அதனால தூரம் போறவங்க எதாவது முடிஞ்சு வச்சுக்குவாங்க.

நீங்க ரத்தோட்டகாரரு, மாத்தள ஒங்களுக்கு பக்கம். ரயிலு வர முன்னால மன்னார் கரையில எறங்குன நம்ம சனம் காட்டு வழியா தம்புள்ள, நாலந்தன்னு மாத்தளைக்கு நடந்தே வந்துச்சு, வாந்திபேதியிலயும் பசியிலயும் விழுந்தவங்கள விட்டுட்டுத்தான் கூட்டம் நடந்துச்சு. எங்க அப்பாயி மாத்தள மாரியம்மன் தேருக்கு வருசம் தவறாம போகும், என்னயும் இழுத்துட்டு போகும், பஸ்ஸுல போயி பஸ்ஸுல வர்றதுதான், நடக்குறதே அரை மைல் இருக்காது. ஆனா காலையில எழும்புனதும் தேங்காப்பூ போட்டு ஒரு ரொட்டி தனியா சுட்டு, ஆறவிட்டு, முந்தானையில இறுக்கி முடிஞ்சுக்கும். நாங்க கோயில் சோறு தின்னுட்டு வருவோம், அந்த முடிச்ச அவுக்காது. எனக்கு எட்டு வயசு இருக்கும், அப்பாயி அத எனக்கு குடேன்னு கேட்டேன். "ஒனக்கில்லடா"ன்னுச்சு. தம்புள்ள ரோட்டு பக்கமா ஒரு மரத்தடி வரைக்கும் போயி, கல்லு மேல வச்சுட்டு, என் கைய புடிச்சுக்கிட்டு வேகமா திரும்பி வந்துச்சு. யாருக்குன்னு நான் கேக்கல, வரும்போது பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சுதான்னுதான் எனக்கு கவல.

ஒங்க பக்கத்துல யாராவது இப்புடி ரொட்டி வச்சத கேள்விப்பட்டிருந்தா எழுதுங்க. எந்த தோட்டம், சொன்னவங்களுக்கு என்ன வயசுன்னு மறக்காம போடுங்க.